இறங்க ஒரு வார்த்தை

ஆலம்பட்டி விலக்கில், ஊராட்சி நூலகத்தின் பின்னறையில், ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு, தீப்பெட்டி ஆபீஸில் பகலெல்லாம் கட்டையில் தீக்குச்சி அடுக்கிவிட்டுக் கையில் மருந்து வாடை போகாமல் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த செண்பகவல்லி, ஒரு இங்கிலீஷ் வார்த்தையைத் தப்பாகச் சொன்னாள். சொன்ன மாத்திரத்தில் பெஞ்சிலிருந்து ஒரு சாண் எழும்பி, சம்மணம் போட்ட வாக்கிலேயே அந்தரத்தில் நின்றாள்.

அந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் ஞானசுந்தரி. ஞானசுந்தரிக்கும் செண்பகவல்லிக்கும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட உறவு. மூத்தவர் அய்யாத்துரையைக் கட்டியவள் ஞானசுந்தரி, இளையவர், லாரியில் வெளியூர் போய்வருகிற பொன்னுத்துரையைக் கட்டியவள் வல்லி. தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்து, மூன்று தடவை எழுதிப் பாஸ் செய்து, மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் போகிற பெண்களுக்குச் சாயங்காலத்தில் இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரியை ஊரில் எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எட்டாவதோடு நின்றுபோன ஓரகத்தியை அவள் வகுப்பில் சேர்த்துக்கொண்டது பிரியத்தினால் என்று ஊர் நினைத்தது. அவளுக்கு மட்டும்தான் தெரியும், பத்துப்பேர் முன்னால் வல்லி முழிப்பதைப் பார்க்கலாம் என்கிற ஆசையும் அதில் பாதி இருந்தது என்று.

அன்றைக்கு ஞானசுந்தரி நன்றாகத்தான் பாடம் நடத்தினாள். "சூரியன் எழுந்தாலும் ரைஸ், விலைவாசி ஏறினாலும் ரைஸ். பேக்கரியில மாவு பொங்கி வந்தா ரைஸ், அடுப்புப் புகை மேல போனா ரைஸ், ஆத்துல தண்ணி ஏறினா ரைஸ், நாற்காலியை விட்டு மனுசன் எந்திரிச்சா ரைஸ். கிளார்க்கா இருந்தவன் மேனேஜரானா ரைஸ். அடங்கிக் கிடந்த சனம் ஒருநாள் எதுத்து நின்னா அதுவும் ரைஸ். ஏசுநாதர் மூணாம் நாள் எழுந்தாரே, அதுக்கும் இதே வார்த்தைதான்" என்றாள். அந்தக் கடைசி எழுத்தை வண்டு ரீங்கரிக்கிற மாதிரி பல்லுக்கு நடுவில் நிறுத்தி இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் சோறு என்று அர்த்தமாகிவிடும் என்று சொல்லி, அவள் இழுத்துக்காட்டினாள். ஆறு வருசமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகிய வண்டு அது. பிறகு ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னாள். வல்லியின் முறை வந்தது.

"ஐ ரைசு" என்றாள் வல்லி.

சோறு என்றுதான் சொன்னாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு முடிவதற்குள் எழும்பிவிட்டாள்.

யாரும் கத்தவில்லை. முன்பெஞ்சில் இருந்த தையல்கார அன்னமரியாள் திரும்பிப் பார்த்துவிட்டு, "வல்லி, அப்படியே அந்த டியூப்லைட்டு மேல பல்லி முட்டை கெடக்கான்னு பாரு. ராத்திரியானா மினுக் மினுக்குங்குது" என்றாள். வல்லி இன்னும் இரண்டு தடவை வார்த்தையைச் சொல்லி, இன்னும் இரண்டு சாண் ஏறி, எட்டிப் பார்த்து, "முட்டை இல்லக்கா, தூசிதான்" என்று முந்தானையால் துடைத்தாள். டியூப்லைட் பளிச்சென்று எரிந்தது. எல்லோருக்கும் ரொம்பத் திருப்தி.

"அக்கா, எறங்குததுக்கு என்ன சொல்லணும்?" என்று வல்லி மேலேயிருந்து கேட்டாள்.

ஞானசுந்தரியின் கையில் சாக்பீஸ் ஒடிந்துபோயிருந்தது. "ஃபால்" என்றாள்.

வல்லி சொன்னாள், தொப்பென்று பெஞ்சில் விழுந்தாள், இடுப்பைத் தடவிக்கொண்டு சிரித்தாள்.

ஒரு வாரத்துக்குள் ஆலம்பட்டி விலக்கு இந்தச் சங்கதிக்குப் பழகிக்கொண்டது. எப்படிப் பழகிக்கொண்டதென்றால், மழை பெய்தால் குடை எடுக்கிற மாதிரி, சேலை கட்டிக்கொண்டு மேலே போவது சரிப்படாது என்று தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள் கூடிப் பேசி, அன்னமரியாளை விட்டுக் கணுக்கால் வரைக்கும் காலோடு ஒட்டின கால்சட்டை இரண்டு தைத்து வல்லிக்குப் போட்டுவிட்டார்கள். மின்சார வாரிய லைன்மேன் இசக்கி, கம்பியில் சிக்கின பட்டங்களை எடுக்க அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒழுங்காகக் கரண்டை நிறுத்தினார். மினி பஸ் கண்டக்டர், பஸ்ஸின் தரையில் கால் படாமல் வருகிற ஆளுக்கு டிக்கெட் கொடுக்கலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, மேற்கூரைக்குள் இருக்கிற வரைக்கும் பிரயாணிதான் என்று முடிவு கட்டினார். காளியம்மன் கோவில் பூசாரி, கோபுரத்து யாளியின் காதுக்குள் முளைத்திருந்த அரசங்கன்றைப் பிடுங்கித்தரச் சொல்லி, அவள் அம்மனுக்கு மேலே போகிற தோஷத்துக்கு முன்கூட்டியே ஒரு எலுமிச்சம்பழத்தையும் நறுக்கி வைத்தார். தென்னைமரத்தில் மாட்டிக்கொண்ட பூனை, மாடியில் பறந்துபோன வேட்டி, மச்சு வீட்டு ஓட்டில் விழுந்த பந்து எல்லாம் வல்லியின் பொறுப்பாகிவிட்டது. கீழே ஒரு வைக்கோல் பொதியையோ, மில்லிலிருந்து இரண்டு பஞ்சு மூட்டையையோ போட்டுவைப்பார்கள். வேலை முடிந்ததும் "ஃபால்" என்று சொல்லிவிட்டு அதில் விழுவாள்.

ஏன் எழும்புகிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அது ஞானசுந்தரியின் மனசுக்குள்ளே மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கேள்வி.

விடியற்காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். வண்டை இழுத்துச் சொன்னாள், விட்டுச் சொன்னாள். நிகழ்காலத்தில் சொன்னாள், இறந்தகாலத்தில் சொன்னாள், எதிர்காலத்தில் சொன்னாள். நான் எழுகிறேன் என்றாள், நாம் எழுகிறோம் என்றாள், எழாமல் இருப்பேனா என்று கேள்வியாகவும் கேட்டுப் பார்த்தாள். வாளித் தண்ணீரில் அவளுடைய முகம் அசையாமல் இருந்தது. பட்டினி கிடந்தால் உடம்பு லேசாகுமோ என்று மூன்று வெள்ளிக்கிழமை விரதம் வைத்தாள். கடைசியில், வல்லி மாதிரியே, வெட்கத்தை விட்டு, "ரைசு" என்றும் சொல்லிப் பார்த்தாள். அடுப்படியிலிருந்து அய்யாத்துரையின் குரல் கேட்டது: "சோத்தை நானே போட்டுக்கிடுதேன், நீ குளிச்சிட்டு வா."

அவளுக்குப் பொறுக்கவே முடியாமல் போனது ஆடி பிறந்த பிறகு. வகுப்பில் பன்னிரண்டு பேராக இருந்தவர்கள் நாற்பது பேரானார்கள். எல்லோருக்கும் அந்த ஒரு வார்த்தைதான் வேண்டும். நாற்பது பேரும் சொன்னார்கள், ஒருவரும் எழும்பவில்லை. ஊராட்சித் தலைவி மாரிக்கனியே ஒருநாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, கண்ணை இறுக மூடி ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டு, ஒரு கண்ணைத் திறந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு எழுந்துபோகும்போது, எல்லார் காதிலும் விழும்படி, "டீச்சர், நீங்க சொல்லித் தாரதுல எங்கயோ கோளாறு இருக்கு. வேணும்னா அந்த ஒரு வார்த்தையை மட்டும் வல்லியைச் சொல்லித்தரச் சொல்லுங்களேன்" என்றாள்.

ஞானசுந்தரி சிரித்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய், முற்றத்தில் காயப்போட்டிருந்த வல்லியின் புதுக் கால்சட்டையை, கொடியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டு, பிறகு யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தும், மறுபடியும் எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். அவளுடைய பொறாமைக்கு அதற்குமேல் வழி தெரியவில்லை அப்போது.

வழியை வல்லியே கொண்டுவந்து கொடுத்தாள்.

ஊர்க்கோடியில் நிற்கிற மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டிக்கு ஏறுகிற இரும்பு ஏணி துருப்பிடித்து, படிகள் இரண்டு கழன்று விழுந்ததிலிருந்து, தொட்டி ஆபரேட்டர் மேலே போக மாட்டேன் என்று சொல்லிவிட்டார். நாலு மாதமாகப் பிளீச்சிங் பவுடர் போடாத தண்ணீரைத்தான் ஊர் குடித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வர ஆரம்பித்தது. மாரிக்கனி வல்லியிடம் வந்து கேட்டாள். வல்லி சரி என்று சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் அவள் ஞானசுந்தரியின் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"என்ன?"

"தொட்டி எம்பது அடியாம்ல. அங்கன இருந்து ஃபால்னு சொன்னா எலும்புகூட மிஞ்சாது. மெதுவா எறங்குததுக்கு வேற வார்த்தை ஏதும் இருக்காக்கா? படி படியா எறங்குத மாதிரி."

ஞானசுந்தரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். வார்த்தை இருந்தது. ஒன்றில்லை, மூன்று நாலு இருந்தன. அதில் ஒன்று அழகான, பதவிசான, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிற பெரிய வீட்டுப் பெண் மாதிரியான வார்த்தை. அது அவளுடைய நாக்கின் நுனிவரைக்கும் வந்தது. அந்த நேரத்தில் வாசலில் நின்ற வல்லியின் குதிகால்களைப் பார்த்தாள். ஒரு மாதமாகத் தரையில் அதிகம் படாததினால் வெடிப்பெல்லாம் ஆறி, பிள்ளையின் குதிகால் மாதிரி வழவழவென்று இருந்தன. ஞானசுந்தரியின் குதிகால்களில் பித்தவெடிப்பு, பத்து வருசமாக.

"வேற வார்த்தை கெடையாது" என்றாள்.

"ஒண்ணுமே கெடையாதா?"

"எழும்புனா ரைஸ், எறங்குனா ஃபால். அம்புட்டுத்தான் இங்கிலீஷுல."

"சரிக்கா. அப்ப வேலையை முடிச்சுட்டுத் தொட்டியைப் பிடிச்சு, அந்த ஏணியிலயே பாத்துப் பாத்து எறங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு வல்லி போனாள். டீச்சர் இல்லையென்று சொன்னால் இல்லைதான் என்று நம்புகிறவளின் நடை அது. வெங்காயத்தைச் சாக்கு வைத்து ஞானசுந்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; வருத்தமா என்றால் அது வருத்தமில்லை, உள்ளுக்குள் ஏதோ குளுகுளுவென்று இருந்தது.

மறுநாள் காலை ஊரே தொட்டியடியில் கூடிவிட்டது. இடுப்பில் பவுடர் டப்பாவைக் கட்டிக்கொண்டு, "ரைசு, ரைசு, ரைசு" என்று சொல்லிச் சொல்லி, சாண் சாணாக, நூற்றுச்சொச்சம் தடவை சொல்லி வல்லி ஏறினாள். கீழே இருந்த பெண்களும் அவளோடு சேர்ந்து சொன்னார்கள். தொட்டியின் வாயைத் திறந்து பவுடரைக் கொட்டி, கம்பால் கலக்கி, மூடியைப் போட்டாள். ஊர் கைதட்டியது. அவள் கும்பிடுவதற்காகத் தொட்டியின் விளிம்பைப் பிடித்திருந்த கையை எடுத்தாள்.

ஆடிக் காற்று கரிசல் காட்டில் எப்படி அடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே தள்ளு. தொட்டியை விட்டு நாலு ஆள் நீளம் தள்ளிப் போய் வெறும் ஆகாசத்தில் நின்றாள் வல்லி. ஏறத் தெரியும், விழத் தெரியும். பக்கவாட்டில் நகர அவளுக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. கையை வீசினாள், காலை உதைத்தாள், நின்ற இடத்திலேயே நின்றாள்.

அப்புறம் ஆலம்பட்டி விலக்கு செய்ததைச் சொல்ல வேண்டும். டவுனுக்கு எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டு, தீயணைப்பு வண்டி வர மூன்று மணி நேரமாகும் என்று தெரிந்ததும், யாரும் யாரையும் கேட்காமல் வீட்டுக்கு ஓடினார்கள். மெத்தை இருந்தவர்கள் மெத்தையும், மெத்தை இல்லாதவர்கள் தலையணையும், தலையணை இல்லாதவர்கள் பழஞ்சேலை மூட்டையுமாகக் கொண்டுவந்து வல்லியின் நிழல் விழுந்த இடத்தில் குவித்தார்கள். மில்லிலிருந்து பஞ்சுப் பொதிகளை உருட்டி வந்தார்கள். புதுக் கல்யாணம் முடித்த ஒரு பெண், சீராக வந்து இன்னும் கட்டுப் பிரிக்காத இலவம்பஞ்சு மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். காற்று வல்லியைக் கொஞ்சம் வடக்கே தள்ளினால், ஊரே சேர்ந்து "ஏலேசா" போட்டு அந்தக் குவியலை வடக்கே இழுத்தது. தெற்கே தள்ளினால் தெற்கே இழுத்தது. அய்யாத்துரையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தார், அவர்களுடைய கல்யாண மெத்தையும் அதில் கிடந்தது.

ஞானசுந்தரி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது, அது நிஜம்தான். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியிலும் பழைய ஊசி கிடந்து குத்தியது. நான் அங்கே தொங்கினால், என்று நினைத்தாள், எனக்காக யாராவது ஒரு தலையணையாவது தூக்கிக்கொண்டு ஓடிவருவார்களா? மெத்தை மேட்டைப் பார்த்தும் பொறாமைப்பட்டாள். அப்படி நினைத்ததும் தன்னையே ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆயிற்று. உச்சி வெயில். மேலே வல்லியின் தலை தொங்க ஆரம்பித்தது. உதடு அசைந்தது. அவள் தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்பது அந்தக் கூட்டத்தில் ஞானசுந்தரி ஒருத்திக்குத்தான் புரிந்தது. "வல்லி! சொல்லிராத!" என்று கத்தினாள். காற்று அந்தச் சத்தத்தை அள்ளிக்கொண்டு பருத்திக்காட்டுப் பக்கம் போய்விட்டது. தொட்டி உயரத்துக்கு அது எட்டவே இல்லை.

அவள் செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகினாள். துருப்பிடித்த ஏணியில் கால் வைத்தாள்.

"டீச்சர், கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஏணி தாங்காது!" என்று இசக்கி கத்தினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்பத்தோரு வயது, முழங்கால் வலி, பெரிய உடம்பு. ஒவ்வொரு படியும் கிறீச்சிட்டது, துரு உள்ளங்கையில் செதிள் செதிளாக ஒட்டியது. பதினேழாவது படி இல்லை. அதற்கு மேல் படியை எட்டிப் பிடித்து, வயிற்றை ஏணியோடு அமுக்கி, ஒரு காலை உயர்த்தி ஊன்றினபோது சேலை கிழிந்தது. பாதியில் ஒருதரம் கண் இருட்டியது. ஏணியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு ஏறினாள். எந்த வார்த்தையும் சொல்லாமல்தான் ஏறினாள், மூச்சு விடவே வாய் போதவில்லை.

தொட்டியின் உச்சிக்கு வந்து விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தபோது, நாலு ஆள் நீளம் தள்ளி, வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, வல்லியின் முகம் அவளுக்கு நேராக இருந்தது.

"அக்கா! நீங்க எதுக்குக்கா ஏறுனீக?"

"வார்த்தை இருக்குடி. எறங்குததுக்கு வார்த்தை இருக்கு."

வல்லியின் முகம் மலர்ந்தது. "கண்டுபிடிச்சிட்டீகளா? புஸ்தகத்துல பாத்தீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கீழே இருந்த ஒருவருக்கும் கேட்காது.

"புஸ்தகத்துல பாக்கல. நேத்து நீ கேக்கும்போதே தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"ஏன்க்கா?"

"வயித்தெரிச்சல்."

வல்லியின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று விலகிப் போனதை ஞானசுந்தரி பார்த்தாள். காற்று அவளுடைய கிழிந்த சேலையைப் படபடவென்று அடித்தது. "சரி, இப்பச் சொல்லுங்க" என்றாள் வல்லி.

"டிசெண்ட்."

"டிசம்பரா?"

"டிசம்பர் இல்லடி. டி. செண்ட். பூச்செண்டு இருக்குல்ல, அந்தச் செண்டு. முன்னால ஒரு டி."

"டி... செண்டு" என்றாள் வல்லி. ஒரு சாண் இறங்கினாள். சிரிக்கவில்லை. மறுபடியும் சொன்னாள். மறுபடியும் ஒரு சாண். "டிசெண்டு, டிசெண்டு, டிசெண்டு" என்று சொல்லிச் சொல்லி, ஞானசுந்தரியின் முகத்துக்கு நேரே இருந்த முகம் கழுத்துக்கு இறங்கி, இடுப்புக்கு இறங்கி, காலுக்குக் கீழே போய், உச்சி வகிடு மட்டும் தெரிந்து, சிறுத்துக்கொண்டே போனது. கீழே இருந்தவர்களின் காதுக்கு எட்டும் உயரம் வந்ததும் அவர்களும் புது வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். மில் பெண்களும், பூசாரியும், மினி பஸ் கண்டக்டரும், மெத்தை கொடுத்த புதுப்பெண்ணும் ஒரே குரலில் செண்டு செண்டு என்று சொல்ல, வல்லி அந்த மெத்தை மேட்டின் உச்சியில், பஞ்சில் பஞ்சு இறங்குகிற மாதிரி வந்து இறங்கினாள். ஊர் அவளைத் தூக்கிக்கொண்டு போனது. அவள் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

ஞானசுந்தரி இறங்கி முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அவள் தரையில் கால் வைத்தபோது அங்கே இசக்கியும், தலையணை ஒன்றை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளாடும்தான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் வல்லி அவளோடு பேசவில்லை. ஒரே முற்றம், ஒரே குழாய், ஒரே கொடி. குழாயடியில் ஞானசுந்தரி நின்றால் வல்லி குடத்தை வைத்துவிட்டுப் போய்விடுவாள். யாரிடமும் எதுவும் சொல்லவும் இல்லை. ஞானசுந்தரி ஒவ்வொரு நாளும் காத்திருந்தாள்: இன்றைக்குச் சொல்லிவிடுவாள், லாரியிலிருந்து பொன்னுத்துரை வந்ததும் சொல்லிவிடுவாள், தீப்பெட்டி ஆபீஸில் சொல்லிவிடுவாள், தெருவே திரண்டுவந்து என் முகத்தில் துப்பும். ஒன்றும் நடக்கவில்லை. ஊர் ஞானசுந்தரியைப் பார்த்தால், உயிரைப் பணயம் வைத்து ஓரகத்தியைக் காப்பாற்றின டீச்சர் என்று கும்பிட்டது. வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு எப்படிக் கைகூடுகிறது என்று அதற்கும் ஞானசுந்தரிக்குப் பொறாமையாக இருந்தது.

வல்லி எழும்புவதையும் விட்டுவிட்டாள். கம்பியில் சிக்கின பட்டம் கம்பியிலேயே கிடந்தது. யார் கூப்பிட்டாலும் "முடியலம்மா" என்றாள். ஊர் முதலில் பரிதாபப்பட்டது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தது. பயந்துட்டா என்றார்கள். தலைக்கனம் என்றார்கள். கூடக் கொஞ்சம் கெஞ்சணுமாக்கும் என்று மாரிக்கனி நூலக வாசலிலேயே சொன்னாள். இந்தப் பேச்சு முதல் மூன்று நாள் ஞானசுந்தரிக்கு வெல்லப்பாகு மாதிரி இனித்தது என்பதை மறைக்க முடியாது. நாலாம் நாள் காலையில் எழுந்தபோது அந்த இனிப்பு வாயில் புளித்துப்போய்க் கிடந்தது. பல் தேய்த்தும் போகவில்லை.

அன்று சாயங்காலம் நாற்பது பேரும் உட்கார்ந்திருந்த வகுப்பில், மாரிக்கனியும் முன்வரிசையில் இருக்கும்போது, கரும்பலகையில் டிசெண்ட் என்ற வார்த்தையை எழுதினாள்.

"இந்த வார்த்தை எனக்குப் பி.ஏ. படிக்கும்போதே தெரியும்" என்றாள். "வல்லி தொட்டிக்கு ஏறுததுக்கு முந்தின நாள் வந்து என்கிட்டக் கேட்டா. இல்லைன்னு சொல்லிட்டேன். அவ அம்புட்டு நேரம் வெயில்ல தொங்குனதுக்கு நான்தான் காரணம். அவளுக்குப் பயமும் இல்ல, தலைக்கனமும் இல்ல. அவளை யாரும் ஒண்ணும் சொல்லாதீக."

மாரிக்கனி எழுந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யாரும் திட்டவில்லை, நோட்டை மூடிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஐந்து பேர் மிச்சம். அன்னமரியாள் மூக்கைச் சிந்திவிட்டு, "எழுதினதை அழிச்சிராதீக டீச்சர், நான் இன்னும் பாத்து எழுதல" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஞானசுந்தரி துணி மடித்துக்கொண்டிருந்த அறைக்குள், கதவைத் தட்டாமல் வல்லி வந்து நின்றாள். அவள் எப்போது உள்ளே கால் வைத்தாள் என்று ஞானசுந்தரிக்குத் தெரியவில்லை. மடித்த வேட்டியை மறுபடியும் பிரித்தாள்.

"கையைக் குடுங்க" என்றாள் வல்லி.

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

தீப்பெட்டி மருந்தில் காய்ப்பேறின அந்தக் கையை ஞானசுந்தரி பிடித்தாள். வல்லி வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, சோறு என்று அர்த்தம் வரும்படியாகவே, "ரைசு" என்றாள்.

முதலில் ஞானசுந்தரியின் குதிகால் எழும்பியது. பிறகு பெருவிரல். பிறகு ஒன்றுமே இல்லை, சிமெண்டுத் தரை இல்லை, முழங்கால் வலி இல்லை, தன் உடம்பின் பாரம் கையின் பிடியிலும் தெரியவில்லை. அவள் பயந்து இரண்டு கையாலும் வல்லியின் கையைப் பிடித்தாள். வல்லி இன்னொரு தடவை சொன்னாள், இன்னொரு தடவை சொன்னாள். ஜன்னல் கீழே போனது. சுவரில் மாட்டியிருந்த பி.ஏ. சர்ட்டிபிகேட் கண்ணுக்கு நேரே வந்து, அதுவும் கீழே போனது. பீரோவின் உச்சி தெரிந்தது.

அங்கே விரல் மொத்தத்துக்குத் தூசி. செத்த கரப்பான் மூன்று, ஒட்டடை, ஒரு பல்லியின் காய்ந்த வால், எலி கொறித்துப்போட்ட சோப்புக் காகிதம். தினமும் வீட்டைப் பெருக்கித் துடைத்து, ஊரில் தன் வீடு மாதிரி சுத்தமான வீடு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரி அதைப் பார்த்துக்கொண்டே அந்தரத்தில் நின்றாள்.

"இந்த ரூமுக்கு நீ எத்தனை தடவை மேல வந்திருக்க? லைட்டு மாத்த, ஃபேன் துடைக்க... இதையெல்லாம் பாத்துட்டுத்தானே இருந்த?"

"ஆமா."

"ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு மனசு கஷ்டமாயிருக்கும்னுதான்" என்றாள் வல்லி.

ஞானசுந்தரி ஒரு கையை மெல்ல விடுவித்தாள். மற்றக் கையால் ஓரகத்தியை இறுகப் பிடித்துக்கொண்டு, கிழிந்து தைத்திருந்த சேலைத் தலைப்பைச் சுருட்டி, பீரோவின் உச்சியை ஒரு மூலையிலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். தூசி கிளம்பி இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. அப்போதும், தும்மலுக்கு நடுவிலும், வல்லி தன்னைவிட இரண்டு விரற்கடை உயரத்தில் நிற்பதை அவள் கவனித்தாள். கவனித்துவிட்டு, துடைத்துக்கொண்டே இருந்தாள்.